கன்னி மூலையில் ஒரு குட்டை

குரும்பலூர் பக்கம் எங்களுக்கு மானாவாரி மக்காச்சோளம். இப்போதெல்லாம் மழை ஒரே நாளில் கொட்டிவிட்டு, பயிர் வாடும்போது எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அரசு மானியத்தில் பண்ணைக்குட்டை வெட்ட எழுதிக் கொடுத்தோம்.

வேளாண் அலுவலர் வந்து, தாழ்வாக இருந்த தென்மேற்கு மூலையைக் காட்டினார். என் கணவர் பதறிவிட்டார். "கன்னி மூலையில பள்ளம் ஆவாதுங்க மேடம். குடும்பத்துக்கே ஆவாது. ஈசானியில வெட்டிக்கிறோம்."

"அது மேடாச்சேங்க. தண்ணி ஏறி வருமா?"

இவர் கேட்கவில்லை. பயத்தில் நானும் தலையாட்டினேன்.

பொக்லைன் வந்த அன்று, வேலை தொடங்குமுன் கோடை மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே பார்த்தோம். ஈசானி மூலையில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் கன்னி மூலைக்கு ஓடி, வரப்பை உடைத்து, நாங்கள் கொட்டிய எருவையும் அள்ளிக்கொண்டு பக்கத்துக்காரர் காட்டுக்குப் போனது.

கணவர் ஓட்டுநரிடம், "மூலையெல்லாம் வூட்டுக்குப் பாத்துக்கலாம். ஈரம் காஞ்சதும் வாங்க, அங்கியே வெட்டிடுவோம்" என்றார்.

கதிர் பிடிக்கும் சமயத்தில் மழை ஏமாற்றியபோது குட்டைத் தண்ணீர்தான் காப்பாற்றியது. இப்போது மழை வந்தால், குடையோடு வயலுக்குப் போய் தண்ணீர் போகும் வழியைப் பார்க்கிறோம்.

இந்த ஆடிப்பெருக்குக்கு இவர் படையல் போட்டதும் கன்னி மூலையில்தான்.