கடலுக்கு ஒரு தெரு முன்னால்

முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று கால் வீங்கி ஓய்வு பெற்ற அவளுக்கு, வார்டில் வைத்த பட்டப்பெயர் பூட்டு. அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்து, படுக்கை படுக்கையாகக் கூடவே நடந்து, யாருக்கு என்ன மருந்து என்று கேட்டுத் தலையாட்டும்வரை அவள் நகரமாட்டாள். மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்றும் நகரவில்லை. அன்று இரண்டு மணி நேரம் தாமதமாகச் சிரித்துக்கொண்டே வந்து நின்றவள் பம்பரம். ஓரிடத்தில் நிற்காமல், எல்லோரையும் சிரிக்கவைத்தே தலைமை நர்ஸாகவும் ஆகிவிட்ட கெட்டிக்காரி. அவளோடுதான் பூட்டுக்கு உயிர்ச் சிநேகிதம். என்ன செய்ய, சிலருக்கு வாய்ப்பது அப்படித்தான்.

ஓய்வுக்குப் பிறகு பம்பரம் கணவனோடு கடற்கரை நகரம் ஒன்றுக்குக் குடிபோனாள். இந்தக் கோடையில் போன் செய்தாள்.

"பத்து நாள் வந்து காலை நீட்டி உக்காருடி. கடல் எங்க வீட்டுலேர்ந்து ஒரு தெரு தள்ளித்தான். தினம் சாயங்காலம் தண்ணில நின்னு பழைய கதையெல்லாம் பேசலாம்."

பூட்டு கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கணவன் போனபிறகு அவளை யாரும் எங்கேயும் கூப்பிட்டதுமில்லை. காலண்டரில் கிளம்பும் தேதியைச் சுழித்து வைத்தாள். மணலில் நடக்க என்று புதிதாக ரப்பர் செருப்பு வாங்கினாள். அறுபது வயதில் அப்படி ஒரு சந்தோஷம்.

பம்பரத்தின் வீடு இரண்டாம் மாடி. பின்னறையில் மாமியார், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்ப் படுத்திருந்தாள். பார்த்துக்கொள்கிற பெண் ஊருக்குப் போயிருக்கிறாளாம்.

முதல் நாள் சாயங்காலம் பம்பரம் சொன்னாள்: "அவரோட ஒரு வேலையா வெளிய போறேன். அரை மணி நேரம் அத்தையப் பாத்துக்கோ. வந்ததும் நாம கடலுக்குப் போகலாம்."

பூட்டு அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தாள். "மருந்து எப்ப? எந்தப் பக்கம் புரட்டணும்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள். பம்பரம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். பூட்டு தலையாட்டினாள். அவ்வளவுதான், வார்டு கைமாறிவிட்டது.

விளக்கு வைத்தபிறகு இருவரும் திரும்பினார்கள். கூடத்துத் தரையெல்லாம் ஈர மணல். மறுநாள் வேறு சாக்கு, அதற்கு மறுநாள் இன்னொன்று. மணல் மட்டும் தினமும் அதேதான். படுத்தே கிடந்ததில் கிழவியின் குதிகால் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க பூட்டுக்குத் தெரியாது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள்.

ஆறாம் நாள், கத்தரிக்கோல் தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வார்டில் போடுவதைப் போலவே கட்டம் கட்டிய டூட்டி சார்ட். வேலைக்காரப் பெண்ணுக்குப் பத்து நாள் லீவு. அந்தப் பத்துக் கட்டத்திலும் 'பூட்டு' என்று அழகான கையெழுத்து. தலைமை நர்ஸ் பழக்கம் விடுமா, கீழே தயாரித்த தேதியும் இருந்தது. போன் வருவதற்கு இரண்டு வாரம் முந்தின தேதி.

"இது என்னடி?"

பம்பரம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அட, பழக்கதோஷம்! உன்னை விட்டா வேற யாரை நம்பி நான் வெளிய போக முடியும், சொல்லு?"

பாராட்டுகிறாளாம். பூட்டு உடனே பெட்டியைக் கட்டினாள். சொல்லிக்கொள்ளப் பின்னறைக்குப் போனால், கிழவி அசைகிற ஒரே கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். தான் போய்விட்டாலும் இவர்கள் கடலுக்குப் போவதை நிறுத்தப்போவதில்லை. இவள் ஒரே பக்கமாகக் கிடந்து புண்ணாகிப் போவாள். பெட்டி திரும்பப் பிரிந்தது. மீதி நாட்களில் பூட்டு பம்பரத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பம்பரம் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலையில் வேலைக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். பூட்டு அவளைக் கட்டிலருகே நிற்கவைத்து மருந்து, உணவு, குதிகால் எல்லாம் சொன்னாள். அவள் தலையாட்டும்வரை காத்திருந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏய், எங்க கிளம்பிட்ட? இன்னிக்கு சாயங்காலம் கட்டாயம் கடலுக்குப் போறோம். நாளைக்கு ரயில்ல போ."

"என்னை மாத்த ஆள் வந்தாச்சு," என்றாள் பூட்டு. "டூட்டி முடிஞ்சா வீட்டுக்குத்தானே போகணும், சிஸ்டர்?"

முப்பது வருஷத்தில் அவள் பம்பரத்தை சிஸ்டர் என்று அழைத்ததில்லை. சிரிக்க வாய் திறந்த பம்பரம் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருமுனையில் இடதுபக்கம் கடல், வலதுபக்கம் ரயில் நிலையம். அலைச்சத்தம் நன்றாகவே கேட்டது. பூட்டு வலதுபக்கம் திரும்பினாள். புதுச்செருப்பு, வாங்கிய கவர் பிரிக்காமல், பெட்டிக்குள்ளேயே இருந்தது.