ஓகே போதும் என்று சொன்னவன்

தொழிற்சாலை வேன் ஓட்டுபவனுக்கு ரோட்டைவிட வாட்சப் குழுதான் அதிகத் தொல்லை. குழு நடத்தி அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாசாய் ஊரில் விடியுமுன் ஆள் ஏற்றி, பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் தொடங்குமுன் இறக்க வேண்டும். "இன்னைக்கு வரீங்களா?" என்று குழுவில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

கட்டைவிரல்

ஆண்கள் எழுதமாட்டார்கள். கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். சேகரின் கட்டைவிரலை நம்பி ஒருநாள் அவன் பிளாட்டுக்குக் கீழே காத்துக் கிடந்தேன். ஹாரன் அடித்து மாடிக்காரர்களிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். போன் போட்டால் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறான்: "அலமாக்! மெசேஜ் பாத்துட்டேன்னுதானே போட்டேன் அண்ணே. வரேன்னு எங்க சொன்னேன்?"

குரல்

பெண்கள் பக்கம் வேறு தலைவலி. கடைசி நிறுத்தத்து லெட்சுமி அக்கா குரல் பதிவுதான் அனுப்புவார். பூனை குட்டி போட்டது, கூரை ஒழுகியது, ராத்திரி மூச்சு இழுத்தது எல்லாம் சொல்லி முடித்த பிறகே வருகிறாரா என்று தெரியும். பொறுமை போய், "ஓகேன்னு மட்டும் போடுங்க அக்கா, போதும்" என்றேன். முன் இருக்கையில் இருந்த மேரிக்குப் பிடிக்கவில்லை. "அவங்க தனியா இருக்காங்க அண்ணே. காலையில பேச நம்மள விட்டா யாரு இருக்கா?"

ஓகே

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து வெறும் 'ஓகே' வந்தது. அப்பாடா, திருந்திவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். மேரிக்கு முகம் மாறியது. "இது அவங்க மாதிரியே இல்லண்ணே. கோபம்னா இன்னும் நீளமாத் திட்டியிருப்பாங்க. மத்தவங்கள அப்புறம் ஏத்தலாம், முதல்ல அங்க போங்க" என்றாள். எல்லாருக்கும் ஷிஃப்ட் தவறிவிடும் என்று சேகர் முணுமுணுத்தான். எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் மனசு கேட்காமல் வேனைத் திருப்பினேன்.

அக்கா வாசல்படியில் சரிந்து கிடந்தார். மூச்சு இழுத்தது, பேச்சு வரவில்லை, போன் மட்டும் கையில் இருந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். சேகர்தான் தூக்கினான். அங்கே மூக்கில் ஆவி மருந்து வைத்தார்கள்; அக்காவுக்குப் பேச்சு வரும்வரை நான் உட்காரவில்லை. வந்ததும் என்னைத்தான் பார்த்தார்: "அதுக்கு மேல எழுத கை வரல. நீங்கதானே தம்பி ஓகே போதும்னு சொன்னீங்க?"

இப்போதெல்லாம் அக்காவின் பூனைக் கதையை முழுசாகக் கேட்ட பிறகே வண்டியை எடுக்கிறேன். ஆண்களும் அதற்குத் தவறாமல் கட்டைவிரல் போடுகிறார்கள், ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமலேயே.