இருட்டில் வந்த ‘ம்’

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் விரால் மீன்தான். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம் போனால் ஒரு கண்மாய் வரும். வாரம் முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று கால் கடுத்துப்போன மனுஷன், அந்த ஒரு நாளாவது படுத்துக் கிடக்கலாம் அல்லவா? மாட்டார். ரீல் வைத்த தூண்டிலும் இரைக்குப் பதில் மாட்டுகிற ரப்பர் தவளையுமாகக் கிளம்பிவிடுவார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அவருக்குச் சர்க்கரை வந்து, மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசி ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குள் பகலா ராத்திரியா என்ற சண்டை வந்தது.

பெரிய விரால் ராத்திரிதான் சிக்கும் என்பது அவர் கட்சி. பகலில் நம் நிழல் தண்ணீரில் விழுந்தாலே அது தாமரை இலைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், இருட்டினால் தைரியமாகக் கரையோரம் வரும் என்பார்.

“பகல்ல நம்ம மீனப் பாக்குறோம், மீனு நம்மளப் பாக்குது. ராத்திரி ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது. அதுதான் நியாயமான ஆட்டம்” என்று விளக்கம் வேறு.

எனக்கு மீன் எங்கே போனால் என்ன? சர்க்கரை திடீரென்று இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும், உடனே இனிப்புக் கொடுக்காவிட்டால் மயக்கம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் ஓரத்தில், கும்மிருட்டில், அவருக்கு வேர்ப்பதை யார் பார்ப்பது? இதைக் கேட்டால், “நீ வாத்திச்சி, எல்லாத்துக்கும் பயம்காட்டுவ” என்று சிரிப்பார். கடைசியில், போவதென்றால் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாயும்போது வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட வேண்டும். அதனால் இட்லியை டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டேன். கரையில் இறங்கியதும் டப்பாவைத் திறந்தால் அவர் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இப்பத் தொட மாட்டேன். மொத மீனு கரையேறுற வரைக்கும் கையில சோத்து வாசம் படக் கூடாது. இந்தா, ரெண்டு வீச்சு வீசிட்டு வாரேன்.”

அங்கே தூண்டில் போடுகிற எல்லாருமே இப்படித்தானாம். படித்த மனுஷன் இதையெல்லாம் நம்புவாரா என்று நான் திகைத்து நிற்பதற்குள் கரையோடு நடந்து போய்விட்டார். லைட் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று போகிற போக்கில் உத்தரவு வேறு.

உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தவளைச் சத்தம், தூரத்தில் பைபாஸில் போகும் லாரிச் சத்தம். தண்ணீரில் ‘தொப்’ என்று ஏதாவது விழும்போதெல்லாம் எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். மீனா, அவரா? பொறுக்க முடியாமல் மெதுவாகக் கூப்பிட்டேன்.

“ஏங்க?”

“ம்” என்றது இருட்டு.

அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் “ஏங்க?” என்றேன். மறுபடியும் “ம்”. சாப்பிட வாருங்கள் என்றேன். அதற்குப் பதில் இல்லை. கோபமாக இருக்கிறார்போல என்று நினைத்து, நானும் வீம்பாக வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆள் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இங்கே அடிக்கடி வரும் ஆட்டோக்காரர்தான்.

“அக்கா, நீங்களா கூப்டது? எங்க வீட்லயும் இப்பிடித்தான் ‘ஏங்க’ம்பாக. பழக்க தோசத்துல வாய் தன்னால ம்-ன்னுருச்சு.”

டப்பாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். “அப்ப எங்க வீட்டுக்காரரு?”

“அண்ணே அம்புட்டுத் தூரத்துல, மடைப் பக்கம்ல போனாரு!”

டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினேன். கல்யாணமானதிலிருந்து ஒரு நாளும் சொல்லாத அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது.

மடைப் படியில் உட்கார்ந்திருந்தார். கால் தண்ணீருக்குள் கிடந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தூண்டில் கம்பு கக்கத்தில் வளைந்து நிற்க, ஏதோ பெரிய மீன் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் ரீலைத் தொடக்கூட இல்லை. டார்ச்சை என் முகத்தில் அடித்துக் காட்டியும், “யாரு?” என்றார்.

ஆட்டோக்காரர் தோளைப் பிடித்துக்கொள்ள, கைப்பையில் இருந்த குளுக்கோஸைக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் கொடுத்தேன். தட்டிவிட்டார். விடாமல் கொடுத்தேன். நரம்பு அறுந்து மீன் போனது யாருக்கும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, “எதுக்குடி அழுகுற?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

அதோடு ராத்திரி மீன்பிடிப்பு நின்றது. பகலில்தான், அதுவும் நான் கூட இருந்தால்தான் என்று சட்டம் போட்டேன். கையில் வாசம் படக் கூடாதென்றால் படவே வேண்டாம், என் கையால் ஊட்டிவிடுகிறேன் என்றேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நெளிந்துகொண்டே வாயைத் திறப்பார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மதுரை வெயிலில் கண்மாய்க்கரையில் நிற்கிற யாருக்குத்தான் வேர்க்காது? அவர் சட்டை நனையும்போதெல்லாம் இது வெயிலா, சர்க்கரையா என்று எனக்குத் திக்கென்றது. பகலில் ஆள் தெரிந்தது, ஆளுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் அப்போதும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் பெரிய விரால் கடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. அவர் முதுகெல்லாம் வேர்வை. இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்குவது மேட்டிலிருந்தே தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான் யாருன்னு சொல்லுங்க.”

கண் மீன் மேலேயே இருந்தது.

“சொல்லுங்க! நான் யாரு?”

“என்னயப் பிடிச்ச சனியன், வேற யாரு! தள்ளிப் போடி, நரம்பு அந்துரப் போகுது!”

நாக்குக் குழறவில்லை. ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.