ஒட்டுப்பால் அடைத்த டின்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பேரப்பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பழைய பால் டின் இருக்கிறது. மேலே ஆணியால் குத்திய இரண்டு ஓட்டைகள். ஒன்றில் கறுத்துப்போன ஒட்டுப்பால் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு அலமாரி துடைக்கும்போதெல்லாம் மருமகள், “துரு ஏறிப்போச்சுலா அத்தை, குப்பைத் தோங்குல போட்டுடட்டா?” என்பாள். என் முகத்தைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் அது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அதனால் கடைக்காரர் எந்த டின்னை விற்றாலும், பதுக்கி அனுப்பினால் கெட்டுப்போகும்படி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்பா இறந்த துக்கத்தில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தையான தம்பிக்கு அந்த டின் பால்தான் உயிர். ஓட்டை போட்ட டின்னில் எறும்பு மொய்க்காமல் இருக்குமா? பால்மரம் வெட்டுகிற அம்மா, வெட்டுக் காயத்தில் காய்ந்து பிடித்திருக்கும் ரப்பரை, அதுதான் ஒட்டுப்பால், உருட்டி ஓட்டைகளை அடைத்து வைத்தாள். பால்காட்டுக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

ஒரு நாள் வீடு வீடாகச் சோதனை. சிப்பாய்களோடு தோட்டத்துக் கிராணி வந்தார். துரையின் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். எங்களவர்தான், எங்கள் பாஷைதான். டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

“யாருக்கு அடைச்சு வச்சிருக்க? காட்டுல இருக்கிறவனுக்கா?”

“ஐயோ சாமி, எறும்பு ஏறுதுங்க. புள்ளைக்குப் பாலுங்க.”

தொட்டிலில் தம்பி அழுதுகொண்டிருந்தான். அந்த மனுஷனுக்குக் காது இல்லையா? துரையிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும், அவ்வளவுதான். பாலைக் கால்வாயில் கவிழ்த்தார், டின்னை வீசினார், அம்மாவை லோரியில் ஏற்ற வைத்தார். அவர் வாய்ச்சொல்லே போலீசுக்குப் போதுமானதாக இருந்தது. டின்னை நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

தம்பிக்குக் கஞ்சித்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கில் துவண்டவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா கிராணி வீட்டு வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போக வேலிக் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். “ஊரடங்கு நேரம். கேட்டைத் திறக்க முடியாது” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா விடுதலையாகி வந்தபோது தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு டின்னுக்கும் ஆணி தேடத் தெரிந்த சர்க்காருக்கு ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்தது, வேலி மட்டும் சில இடங்களில் இன்னும் நின்றது. அம்மாவுக்குக் குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தன. தேர்தலும் வந்தது. வேட்பாளர் யார் என்கிறீர்கள்? அதே கிராணி! வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை. குழாய்த் தண்ணீர், ஆஸ்பத்திரி, தோட்ட மக்கள் முன்னேற்றம் என்று லயம் லயமாகப் பேசிக்கொண்டே எங்கள் வாசலுக்கும் வந்தார். அம்மாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

“அம்மா, உங்க ஓட்டு எனக்குத்தான் போடணும்.”

அம்மா உள்ளே போனாள். டின்னோடு வந்தாள். லயமே பார்த்துக்கொண்டிருக்க, கும்பிட்ட அவர் கைகளுக்குள் அதைத் திணித்தாள்.

“ஓட்டா கேக்குறீங்க கிராணியாரே? எங்கிட்ட ஓட்டைதான் இருக்கு. நீங்க வச்சுட்டுப் போனது.”

அம்மா யார் என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. டின்னைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். அடுத்தடுத்த வீடுகளில் பெண்கள் கதவைச் சாத்தினார்கள், அன்று அவர் சாத்தினாரே, அதே மாதிரி. அவர் தோற்ற அன்று அம்மா ஒரு முழு டின் பாலை ஊற்றிப் பாயசம் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

இந்தத் தீபாவளிக்கும் மருமகள் டின்னைக் கையில் எடுத்தாள்.

“இருக்கட்டும்மா,” என்றேன். “எலெக்‌ஷன் வருதுலா. யாராவது வருவாங்க.”