புடவைக்கடையிலிருந்து கந்தோருக்கு

புடவைக்கடையில் நிற்பவன் ஒரு நாளைக்கு நூறு தடவை துணியை விரிப்பான், நூற்றொரு தடவை மடிப்பான். தொண்ணூறுகளில் கல்முனைக் கடைத்தெருவில் ஆறு வருஷம் நானும் விரித்து மடித்தேன். வாப்பாவுக்கு மூச்சு இழுப்பு வந்து, கடலுக்குப் போவது நின்றிருந்தது. எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். கடையை விடவும் முடியாது, காலம் முழுக்க அங்கேயே நிற்கவும் மனமில்லை. அரசாங்கக் கந்தோர்களில் வேலை தரும் எழுதுவினைஞர் பரீட்சைக்குக் கடையில் நின்றபடியே படிக்கத் தொடங்கினேன். நீங்களும் ஒரு வேலையில் இருந்துகொண்டு இன்னொன்றுக்குத் தயாரானவர் என்றால் இந்தப் பாடு விளங்கும்.

பத்து விரல்

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு சைக்கிளில் பாண்டிருப்புக்குப் போவேன். அங்கே ஒரு டீச்சர் வீட்டு விறாந்தையில் தட்டெழுத்து வகுப்பு. ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்த பிறகும் விரல்கள் நிற்காது.

ஒரு நாள் பாலமுனையிலிருந்து கல்யாணச் சாரி எடுக்க ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, என் பத்து விரலும் விரித்த சாரியின் மேல் அன்றைய பாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. தாய் சட்டென்று சாரியைத் தூக்கி உதறினா.

“மகன், உண்மையச் சொல்லுங்க, இதுக்குள்ள மூட்டப்பூச்சி கிடக்கா?”

செய்திச் சிங்களம்

நேர்முகத்துக்குச் சிங்களம் தெரிந்தால் நல்லது என்றார்கள். சாறன் கட்டுகளுக்குப் பின்னால் பழைய பாடப் புத்தகம் ஒன்றை ஒளித்துவைத்து, வசனம் வசனமாகப் பாடமாக்கினேன். அம்பாறையிலிருந்து ஒரு சிங்கள நோனா திரைச்சீலை வாங்க வந்தா. விடுவேனா? மூச்சுவிடாமல் முழு வசனங்களாக எடுத்துவிட்டேன். அவ புருஷனைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னா:

“தம்பி, நல்லா இருக்கு. ஆனா ரேடியோவில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு.”

லீவு

பரீட்சை, ஹஜ் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. கடையில் கால் வைக்க இடமிராது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்தான்; பொய் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முதலாளி ஹாஜியாரிடம் உள்ளதைச் சொன்னேன்.

“அப்ப, நம்மட கடையில நிண்டுகொண்டே நம்மள உட்டுட்டுப் போகப் படிச்சிருக்காய்.”

“ஓம் ஹாஜியார்.”

“நாளைக்கு வராத. பெருநாள் முடிஞ்சும் வராத.”

வாப்பாவின் மருந்துதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பரீட்சைக்குப் போவதென்ற முடிவு மாறவில்லை. அப்போது, பதினைந்து வருஷமாக அங்கே நிற்கும் காரைதீவு நாகராசா அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அவன் போகட்டும் ஹாஜியார், அவன்ட வேலையையும் நான் பாக்கிறன். நானும் ஒருக்கா இதே பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டவன். உங்களிட்ட லீவு கேக்கப் பயந்து நிண்டுட்டன்.”

வெள்ளைத் துணி

ஹாஜியார் சொன்னதை மாற்றி, சனிக்கிழமைக்கு மட்டும் லீவு தந்தார். நான் பொது அறிவுத் தாளில் கோட்டை விட்டேன். முடிவு வந்த அன்றே, அடுத்த தடவையும் எழுதுவேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். ஆளில்லாத நேரமெல்லாம் நாகராசா அண்ணன் பத்திரிகையைப் பார்த்துக் கேள்வி கேட்டார். இரண்டாம் தடவை தேறினேன்.

நியமனக் கடிதத்தை ஹாஜியார் இரண்டு முறை வாசித்தார். வெள்ளைத் துணியை இழுத்து, இரண்டு சேட்டுத் தைக்க அளந்து வெட்டி என் கையில் தந்தார்.

“கந்தோருக்குப் போய் நம்மட ஆக்கள லைன்ல காய உட்டுராத, விளங்கிச்சா?”

கந்தோரில் முதல் நாளே ஒரு சுற்றறிக்கை தந்தார்கள்: வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் இன்னொரு பரீட்சை எழுத வேண்டுமாம்.