பெயரில் இருந்த சாய்கோடு

தனலெட்சுமிக்குக் கிடைக்க வேண்டிய வேலையைக் கெடுத்தவன் நான். கெடுத்ததோடு நிற்கவில்லை. பழியையும் அவள் தலையிலேயே கட்டினேன்!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவர்களிடம்தானே இப்படிப்பட்டதைச் சொல்ல வாய் வருகிறது...

தொண்ணூறுகளின் கடைசி. சிரம்பான் நகரத்தில், ரஹாங் பக்கம், கடைவீடு ஒன்றின் மாடியில் இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. அதில் நான் புரோகிராமர். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த மாரிமுத்துவின் மகன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். தலைக்கனம் இல்லாமல் இருக்குமா?

சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை எங்கள் வாடிக்கையாளர். பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, ஹாஸ்டலில் தங்க வைத்து, டெக்னீஷியன் பயிற்சி கொடுப்பார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அந்த விண்ணப்பப் பக்கம் என் கைவேலை.

கைவேலை என்று பீற்றிக்கொள்கிறேனே... பெயருக்கு ஒரு கட்டம், முகவரிக்கு ஒரு கட்டம் என்று பக்கத்தில் வரைந்து கொடுப்பதற்கு, யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகக் கொடுத்த லைப்ரரி, அதாவது ஆயத்தமான புரோகிராம் தொகுப்பு, இருந்தது. நான் நாலு வரி எழுதினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அந்த மனிதர் அதை அடியோடு மாற்றி எழுதிப் புதிய பதிப்பை வெளியிட்டார். என்னென்ன மாறியிருக்கிறது என்பதையும் எழுதி, அதைப் படித்த பிறகு மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

படித்தேனா? இல்லை! புதுசு என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று, அந்த ஆண்டு விண்ணப்பம் திறக்கும் சமயம் பார்த்து மாற்றிவிட்டேன்.

சோதிக்காமல் விடவில்லை. பெயர்க் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். ரவி சந்திரன். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கடையில் இறங்கி ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டேன்.

என் அழுக்கு இங்கேதான் இருக்கிறது. என் அடையாள அட்டையில் இருப்பது அந்தப் பெயர் அல்ல. ரவிச்சந்திரன் ஏ/எல் மாரிமுத்து. இன்னாருடைய மகன் என்பதற்கு மலாயில் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி, நடுவில் ஒரு சாய்கோடு. இங்கே நம்மவர்கள் பெயரில் அது கூடவே வரும். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்ன... வெட்கம்! அதைப் பார்த்தால் எஸ்டேட்டுக்காரன் என்று கண்டுகொள்வார்களாம். அப்பா பெயரை வெட்டிப் போட்டு, என் பெயரை இரண்டாக உடைத்து, வெள்ளைக்காரன் பெயர் மாதிரி எழுதிக்கொண்டு திரிந்தேன்.

புதிய லைப்ரரிக்குப் பெயர் என்றால் எழுத்து, இடைவெளி, புள்ளி. வேறு குறி எதைக் கண்டாலும் அந்தக் கட்டத்தையே காலியாக்கிவிடும். பெயரில்லாமல் வரும் விண்ணப்பத்தைக் குப்பையென்று தள்ளிவிடும்படி நானே எழுதி வைத்திருந்தேன். சாய்கோடு இல்லாமல் ‘பின்’, ‘பிந்தி’ என்று வரும் மலாய்ப் பெயர்கள் போய்ச் சேர்ந்தன. சீனப் பெயர்களும் போய்ச் சேர்ந்தன. நம் பெயர்கள் மட்டும் சாய்கோட்டில் தடுக்கி விழுந்தன. விழுந்தவர்களுக்கும் தெரிமா காசே என்று மலாயில் நன்றி சொல்லும் பக்கம்தான் வந்தது.

தனலெட்சுமி எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண். அவள் அப்பா காத்தமுத்து தவறிவிட்டார். எஸ்டேட் நிலத்தை வீடு கட்ட விற்றாகிவிட்டது. லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவளும் அம்மாவும் எங்கே போவார்கள்? இந்த வேலை கிடைத்தால் அவளுக்கு ஹாஸ்டல், அம்மாவுக்கு எங்காவது ஓர் அறை. விண்ணப்பத்தைப் பற்றி அவளிடம் சொன்னவனே நான்தான். சிரம்பானுக்குப் பஸ் ஏறி வந்து, சைபர் கஃபேயில் உட்கார்ந்து நிரப்பிவிட்டு, நேரே எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள்.

“அண்ணே, தெரிமா காசேன்னு வந்துச்சு. அப்ப போயிருச்சுலா?”

போய்விட்டது, இனிக் கூப்பிடுவார்கள் என்றேன்.

கூப்பிடவில்லை. அதற்குப் பதில் தொழிற்சாலையிலிருந்து எங்கள் முதலாளிக்குப் போன் வந்தது. போன தடவை எஸ்டேட் பிள்ளைகள் நிறைய விண்ணப்பித்தார்களே, இந்தத் தடவை ஒருவர்கூட இல்லையே, ஏன்? முதலாளி என்னைக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று என் மேசைக்கு வந்து, தனலெட்சுமி ஏ/பி காத்தமுத்து என்று அடித்தேன். நன்றி என்றது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்கோட்டை எடுத்துவிட்டு அடித்தேன். இருந்தது.

இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன். அதேதான்.

நேர்காணல் இன்னும் முடியவில்லை! தவறு எங்களுடையது, அந்தப் பிள்ளைகளை மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதலாளி கத்தியிருப்பார். வாடிக்கையாளர் கைவிட்டுப் போயிருக்கலாம். அதைக்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ... நீ தமிழன்தானே, உன் பெயரைப் போட்டுப் பார்க்கவில்லையா என்று முதலாளி கேட்டால்? அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை, தப்பாக அடித்திருப்பார்கள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அதையே போனில் சொன்னார். அன்று பிற்பகலே சத்தமில்லாமல் சரிசெய்தேன். முதன்முறையாக என் முழுப் பெயரையும் அடித்துப் பார்த்தேன். அப்பா பெயரோடு போய்ச் சேர்ந்தது.

இந்தப் பழி அவள் ஒருத்தி தலையில் மட்டுமா விழுந்தது? வேறு எஸ்டேட்டுகளிலிருந்து எத்தனை பேரோ... பெயரில்லை என்று நான் தள்ளியவர்கள். அவர்கள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நேர்காணலெல்லாம் முடிந்த பிறகு தனலெட்சுமி வந்தாள். அவளிடமாவது உண்மையைச் சொன்னேனா?

“நீ எங்கயோ தப்பா அடிச்சிருப்ப, தனம்.”

“ரெண்டுவாட்டி பாத்துதான்ணே அடிச்சேன்...”

“பழக்கமில்லாத கை. அப்படித்தான் ஆகும்.”

தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே படி இறங்கிப் போனாள். லயத்தை இடித்தபோது தாயும் மகளும் போர்ட்டிக்சன் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு கம்பெனி விருந்துக்காகப் போர்ட்டிக்சன் பக்கம் சி ரூசாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். அழுக்குப் படுக்கை விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். தனலெட்சுமி! முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே அழைத்துப் போய்த் தன் கையால் தேநீர் கலந்து கொடுத்தாள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாராம். மேனேஜர் நல்ல மனிதராம். படித்த பெண் எதற்குத் துணி அலசுகிறாய், முன்னால் கவுண்டருக்கு வா என்று கூப்பிட்டாராம். அவள்தான் மாட்டேன் என்றுவிட்டாளாம்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அங்க எல்லாம் கம்ப்யூட்டர்ண்ணே. எனக்குக் கை வராதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒருவாட்டி தப்பா அடிச்சே பொழப்பு போச்சு. மத்தவங்க பேரைத் தப்பா அடிச்சுட்டா பாவம்லா.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இப்போதாவது சொல்லிவிடு, இப்போதாவது... என்று உள்ளே அடித்துக்கொண்டது. எதிரே அவள் நின்றாள், விரிப்புகளை அலசி அலசி வெளுத்த விரல்களோடு. தேநீர் நன்றாக இருக்கிறது என்றேன்! அதைத்தான் சொன்னேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை சி ரூசா வரை காரை ஓட்டிப் போயிருக்கிறேன். ஹோட்டல் வாசலைக் கண்டதும் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். இன்று உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் தனலெட்சுமி இல்லை.