சேவல் முகமூடிக்குள் ஒரு சாயங்காலம்

என் கையெழுத்து கோணல். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த முகமூடிக்குள் அடித்த வாசனை மட்டும் எனக்குத் தப்பாது: சரியாகக் காயாத மைதாப் பசை, செய்தித்தாள் மை, அவற்றோடு என் மூச்சின் சூடு.

தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை எங்கள் தெருவில் "கர்னவால்" என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்ததால் "சொல்தா" என்றே பேராகிப்போன மாமா ஒருவர் வீட்டு முற்றத்தில், வண்ண விளக்குகளின் கீழே, பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு நிற்போம். வேஷக்காரன் வாய் திறக்கக் கூடாது. கூட்டம் பேரைச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்ற வேண்டும். கோயில் மணி அடிக்கும்வரை அகப்படாதவனுக்கு ஒரு டப்பா பிஸ்கட். சொந்த வீட்டார் மட்டும் பேர் சொல்லக் கூடாது, சொன்னால் டப்பா போயிற்று.

பேசவே கூச்சப்பட்ட எனக்கு இதைவிட நல்ல விளையாட்டு ஏது? அக்கா செய்தித்தாளைச் சட்டிமேல் ஒட்டிக் காயவைத்துச் சேவல் முகம் செய்து தந்தாள். அவளுடைய சிவப்புப் பாவாடைதான் இறகு. இரண்டு ஓட்டைகள் வழியே பார்த்தபோது விளக்குகள் தண்ணீருக்குள் எரிவதுபோலவும், ராஜாவும் சிங்கமும் மணப்பெண்ணும் ஓசையில்லாமல் அதில் நீந்திப் போவதுபோலவும் இருந்தது.

ஒவ்வொருவராக அகப்பட்டார்கள்.

"மணப்பொண்ணு முட்டிய பாருடி, பந்து ஒதைச்ச காயம். டேய் வின்சென்ட், கழட்டுடா."

கடைசியில் நான் மட்டும் நின்றேன்.

"இந்தச் சேவலு யாருடா?"

"நம்ம தெருவே இல்ல, வைத்திக்குப்பத்துலேர்ந்து வந்துருப்பான்."

யார் யாரோ பேரைச் சொன்னார்கள். என் பேர் ஒருவர் வாயிலும் வரவில்லை. தினமும் காலையில் நான் பால் வாங்கிக் கொடுக்கும் எதிர்வீட்டு அத்தைகூடக் குனிந்து ஓட்டைக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். முதலில் இனிப்பாக இருந்தது. பிறகு, இந்தத் தெருவில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பிஸ்கட் வேண்டாம், யாராவது "செபா" என்று சொன்னால் போதும் என்று உள்ளே வியர்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மில்லில் ஷிப்ட் முடித்து, தலைமயிரில் பஞ்சோடு அப்பா வந்தார். என் வேஷம் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒரே பார்வைதான்.

"தோ நிக்கிறான் செபா. பாதத்துமேல பாதம் வெச்சி எம்புள்ளதான் நிப்பான்."

"யோவ், நீ சொல்லலாமாய்யா? புள்ள டப்பாவக் கெடுத்துட்டியே," என்றார் சொல்தா. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முகமூடியைக் கழற்றியதும் அழுதேன். பிஸ்கட்டுக்காக அழுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சொல்தாவின் அந்த வீடு இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி. மில் இல்லை, கர்னவாலும் இல்லை. அப்பா இருக்கிறார், ஞாபகம்தான் போய்விட்டது. தட்டாஞ்சாவடியில் வேலை முடித்து வீட்டுக்கு வரும் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்கிறார். தினமும் பேரைச் சொல்வேன். இன்று சொல்லாமல், அவர் கட்டிலோரம் பாதத்தின்மேல் பாதம் வைத்து நின்றேன். வெகுநேரம் என் கால்களையே பார்த்தார்.

"எம்புள்ள ஒருத்தன் இப்படித்தான் நிப்பான்," என்றார்.

2026 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.